காற்றை அளந்து கொடுத்தவர்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், ஆரல்வாய்மொழி நெருங்க நெருங்கத் தூங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட எழுந்து ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். முப்பந்தல் காற்றாலைகள். மலையடிவாரத்திலிருந்து சாலையோரம் வரை நூற்றுக்கணக்கில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தைகள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார்கள். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும்: வானிலை விஞ்ஞானி அன்னா மாணி. பஸ்ஸில் இருக்கும் ஐம்பது பேரில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்குமா என்று யோசித்தால் மனசு கனத்துப்போகும்.

அந்தக் கணவாயில் காற்று பலமாக அடிக்கும் என்று சொல்வதற்கு விஞ்ஞானி தேவையில்லை. அங்கே ஆடு மேய்ப்பவருக்கே தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. ஆனால் அம்மி பறக்கும் என்ற தகவலை வைத்துக்கொண்டு யாரும் கோடிக்கணக்கில் பணம் போட்டுக் காற்றாலை நிறுவ மாட்டார்கள். வருடம் முழுக்க, ஒவ்வொரு மணி நேரத்திலும், தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன வேகத்தில் காற்று வருகிறது என்று தெரிய வேண்டும். மார்கழியில் எவ்வளவு குறைகிறது, ராத்திரியில் நின்றுவிடுகிறதா என்பதெல்லாம் எண்களாகக் கையில் இருக்க வேண்டும்.

அந்த எண்களும் துல்லியமாக இருக்க வேண்டும். ஏனென்றால் காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல், காற்றின் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிவிடும். கேட்பதற்கு நல்ல செய்திதான், ஆனால் அளவு தவறினால் இதே கணக்கு நம்மைக் கவிழ்த்துவிடும். காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி 10 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் கணக்கில் அது 33 சதவீதப் பிழையாக வந்து நிற்கும். 20 சதவீதம் தவறினால் பிழை 73 சதவீதத்தைத் தொடும். 100 யூனிட் வரக்கூடிய இடத்தில் 173 யூனிட் வரும் என்று நம்பி ஒருவர் கடன் வாங்கிக் கோபுரம் எழுப்பியிருப்பார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருந்துவிடலாம் என்பது அன்னா மாணி கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த கொள்கை. இந்தக் கணக்கைப் பார்த்தால் அவர் ஏன் அதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது புரியும்.

அவர் பிறந்தது 1918 ஆகஸ்ட் 23, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன. வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். பையன்களைப் பெரிய வேலைக்குத் தயார் செய்வது, பெண்களைக் கல்யாணத்துக்குத் தயார் செய்வது என்பதுதான் வீட்டு நடைமுறை. பெண் குழந்தைக்கு எட்டாவது பிறந்தநாளில் வைரத்தோடு வாங்கிப் போடுவது அந்த வீட்டு வழக்கம். அன்னா தோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டார். வாங்கியும் கொடுத்தார்கள். வைக்கம் சத்தியாகிரகத்தை ஒட்டி 1925இல் காந்தி அந்தப் பக்கம் வந்துபோனது சிறுமியின் மனதில் ஆழமாகப் பதிந்தது. கதர் உடுத்தத் தொடங்கியவர் பின்னாளிலும் அதை விடவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்து 1939இல் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் உதவித்தொகை கிடைத்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். தோடாக வந்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய வைரம் அங்கே அவருக்காகக் காத்திருந்தது. ராமனிடம் சுமார் முந்நூறு வைரங்கள் இருந்தன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவை அன்னாவின் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒளியை எப்படி உறிஞ்சுகிறது, எப்படி ஒளிர்கிறது, எப்படிச் சிதறடிக்கிறது என்று ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்வதுதான் அன்னாவின் வேலை. ஒரு தகட்டில் பதிவாக 15 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே படுத்துக்கொண்டார். 1942க்கும் 1945க்கும் இடையில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றித் தன் பெயரில் மட்டும் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

அந்த ஆய்வகத்தின் சூழலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்னா வருவதற்கு ஏழு வருடம் முன்பு, 1933இல், பம்பாயிலிருந்து கமலா பாகவத் என்ற மாணவி, பிற்காலத்தில் கமலா சோஹோனி, அதே கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அப்போது ராமன்தான் கழகத்தின் இயக்குநர். பெண் என்பதால் இடம் கொடுக்க மறுத்துவிட்டார். கமலா விடவில்லை. நேரில் வந்து வாதாடி, ஒரு வருடம் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு உள்ளே நுழைந்தார். அவர் வேலையைப் பார்த்த பிறகுதான் ராமன் மனம் மாறினார், பெண்களுக்குக் கதவும் திறந்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கதவு திறந்துவிட்டது, சரி. உள்ளே எப்படி இருந்தது? அறிவியல் வரலாற்றாசிரியர் அபா சுர் பல வருடங்களுக்குப் பிறகு அன்னா மாணியைச் சந்தித்துப் பேசி எழுதியிருக்கிறார். ஆணும் பெண்ணும் சேர்ந்து நின்று பேசுவதையே ராமன் விரும்பமாட்டாராம். ஆண் மாணவர்கள் ஒன்றுகூடித் தங்களுக்குள் வாதிடுவார்கள், ஒருவர் சோதனையை இன்னொருவர் கேள்வி கேட்பார். அன்னாவும் உடன் இருந்த சுனந்தா பாயும் தனியே வேலை பார்க்க வேண்டியிருந்தது. கருவியைக் கையாள்வதில் ஒரு பெண் சின்னப் பிழை செய்தால் போதும், பார்த்தாயா, பெண்களுக்கு இதெல்லாம் வராது என்று அது பேச்சாகிவிடும். ஆராய்ச்சி என்பது பாதி, சோதனை மேசையில் நடப்பது. மீதிப் பாதி, டீ குடித்துக்கொண்டே நடக்கும் சண்டையில் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதி இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1945 ஆகஸ்டில் அன்னா தன் ஆய்வேட்டை முடித்து, அன்றைக்குப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவரிடம் இருந்தது ஆனர்ஸ் பட்டம். அதை வைத்துத்தான் ஆராய்ச்சி உதவித்தொகையே கொடுக்கப்பட்டிருந்தது. ஐந்து வருட உழைப்பு, அச்சான ஐந்து கட்டுரைகள், எதுவும் கணக்கில் வரவில்லை. சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை. மேல் ஆராய்ச்சிக்காகச் சுவீடன் கிளம்பவிருந்த நேரத்தில் சுனந்தா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதை இதற்குமேல் விவரித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்னா நொந்து உட்காரவில்லை. வெளிநாட்டில் பயிற்சி பெற அரசு உதவித்தொகை கிடைத்தது. இயற்பியலில் மேலே படிக்கத்தான் ஆசை, ஆனால் இருந்த இடம் வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்குத்தான். சரி என்று 1945இல் போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஏறி இங்கிலாந்து போய்விட்டார். வைரத்திலிருந்து மழைமானிக்கு வந்தது அப்படித்தான். 1948இல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார்.

நாடு அப்போதுதான் விடுதலையாகியிருந்த சமயம். வெயில், மழை, காற்று அளக்கும் எளிய கருவிகளைக்கூட அதுவரை பிரிட்டனிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். வாங்கிய ஒன்று உடைந்தால் அடுத்தது கப்பலில் வரவேண்டும். இங்கேயே செய்வோம் என்று அந்தப் பிரிவின் தலைவர் எஸ்.பி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய வேலையில் அன்னா முழுமூச்சாக இறங்கினார். 1953இல் பிரிவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தபோது அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். ஏறக்குறைய 100 வகையான வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, உள்நாட்டிலேயே தயாரிக்க வழி செய்தார்.

வரைபடத்தைத் தரப்படுத்துவதில் என்ன பெரிய சாதனை என்று தோன்றலாம். ஐப்பசி, கார்த்திகையில் டிவியில் நாம் பார்க்கும் செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை, நாகப்பட்டினத்தில் இத்தனை என்று வரிசையாகச் சொல்வார்கள். இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் எல்லா ஊர் மழைமானியின் வாயும் ஒரே அளவில் இருக்க வேண்டும். விளிம்பு கொஞ்சம் விரிந்திருந்தால் அதிக மழையைப் பிடித்துவிடும். தரையிலிருந்து உயரம் மாறினால் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது என்று காட்டும் கருவியில் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும். வெயிலைக் குவித்து, பின்னால் இருக்கும் அட்டையில் ஒரு கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். அழகான, எளிமையான கருவி. ஆனால் உருண்டையும் அட்டையும் ஊருக்கு ஊர் வேறு மாதிரி இருந்தால் ஒரே வெயிலுக்கு இரண்டு ஊரில் இரண்டு நீளக் கோடு விழும். இப்படி ஒவ்வொரு கருவிக்கும் எந்த உலோகம், என்ன அளவு, எத்தனை மில்லிமீட்டர் வரை பிழை பொறுக்கலாம் என்று எழுதி, வரைந்து, செய்து பார்த்து, சரியான மூலக் கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். நாலு வருடம் கழித்துத் திரும்பவும் ஒப்பிட வேண்டும். காலிப்ரேஷன் என்று சொல்லும் இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

இதில்தான் அவர் ஏன் மறக்கப்பட்டார் என்பதற்கான விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெயர் ஒட்டிக்கொள்ளும் வேலை, பெயர் ஒட்டாத வேலை என்று அறிவியலில் இரண்டு உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்கு உங்கள் பெயரை வைப்பார்கள். ராமன் விளைவு என்பது போல. அளக்கும் கருவி பிழையில்லாமல் வேலை செய்தால் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிழை வந்தால்தான் செய்தவரைத் தேடுவார்கள். ஆக, வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்களோ அந்த அளவுக்கு நீங்கள் கண்ணில் படாமல் போவீர்கள்.

உலக வரலாற்றில் பறிபோன பரிசுகளின் பட்டியல் ஒன்று உண்டு. அணுப்பிளவுக்கான நோபல் ஓட்டோ ஹானுக்கு மட்டும் போனது, அவரோடு 30 வருடம் வேலை பார்த்து, நடந்தது என்ன என்பதை விளக்கிய லிசே மைட்னருக்குக் கிடைக்கவில்லை. பல்சார் விண்மீனின் துடிப்பை 1967இல் முதலில் கவனித்தவர் ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல், 1974இல் நோபல் போனது அவருடைய வழிகாட்டிக்கும் இன்னொருவருக்கும். இவர்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்ட ஒரு பரிசு, ஒரு தேதி, ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கிறது. அன்னா மாணியிடமிருந்து யாரும் பரிசைப் பறிக்கவில்லை. அதனாலேயே அவருக்காகச் சண்டை போடவும் ஆள் இல்லாமல் போனது.

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தும்பா ராக்கெட் ஏவுதளத்தின் கதையையே பாருங்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. விக்ரம் சாராபாயைத் தெரியாதவர் இல்லை. சைக்கிளில் ராக்கெட் பாகத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பழைய புகைப்படத்தைப் பார்க்காதவரும் குறைவு. அந்தக் காலத்து ஆய்வு ராக்கெட்டுகளுக்குப் பறக்கும்போது வழி திருத்தும் அமைப்பு கிடையாது. தரைக்குப் பக்கத்தில் அடிக்கும் காற்று எவ்வளவு தள்ளும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஏவும் கோணத்தைச் சாய்க்க வேண்டும். கணக்குத் தப்பினால் ராக்கெட் எங்கேயோ போய் விழும். அந்தக் காற்றை அளப்பதற்கான வானிலை நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் தும்பாவில் அமைத்துக் கொடுக்கும்படி சாராபாய் கேட்டது அன்னா மாணியைத்தான். குறுகிய காலத்தில் அமைத்தும் கொடுத்தார். அந்தக் கோபுரம் எந்தப் புகழ்பெற்ற படத்திலும் இல்லை.

அதற்கு முன்பே, 1957–58இல் உலக நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டின்போது, இந்தியா முழுக்கச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அவர் அமைத்திருந்தார். சோலார் மின்சாரம் என்று இங்கே யாரும் பேசாத காலம். வெளிநாட்டுக் கருவிகளின் விலை கட்டுப்படியாகாது என்பதால் அவற்றையும் இங்கேயே வடிவமைக்கத் தொடங்கினார். 1964இல் பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியும் தயாரானது. அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் ஓட்டையாகிறது என்று 1985இல் உலகம் பதறியபோது, நம் நாட்டில் அந்த அளவீட்டுக்கு இருபது வருட அனுபவம் சேர்ந்திருந்தது.

1976இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். பெரும்பாலானோருக்கு வேலை அத்தோடு முடியும். அவருக்கு, இன்றைக்கு நமக்கு நேரடியாகப் பயன்படும் வேலை அதற்குப் பிறகுதான் பெருகியது. எண்ணெய் விலை உலகத்தையே ஆட்டிவைத்த காலம் அது. மாற்று ஆற்றலுக்கு என்ன வழி என்று அரசுகள் தேடத் தொடங்கியபோது, இருபது வருடமாகச் சேர்த்த வெயில் கணக்கு இவரிடம் தயாராக இருந்தது. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைத் தொகுத்த கையேடு 1980இல் வெளிவந்தது. எந்த ஊரில் எந்த மாதம் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வெயில் கிடைக்கும் என்று பொறியாளர்கள் அதைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் காற்று. டி.ஏ. மூலேயுடன் சேர்ந்து 1983இல் காற்றாற்றல் தரவு நூல். அதோடு நிற்காமல், பழைய வானிலை நிலையங்களின் கணக்கு காற்றாலைக்குப் போதாது என்று சொல்லி, நாடு முழுக்க 700க்கும் மேற்பட்ட இடங்களில் புதிதாக அளக்கும் திட்டத்தை நடத்தினார். பெங்களூரில் ஒரு சின்னப் பட்டறை தொடங்கி, காற்றின் வேகத்தையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்தார்.

பழைய கணக்கு போதாது என்றதற்குக் காரணம் உண்டு. வானிலை நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயோ விமான நிலையத்திலோ இருப்பவை. சுற்றிலும் மரமும் கட்டடமும் வளர வளர, அங்கே பதிவாகும் காற்று வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். காற்றாலைக்கு வேண்டிய காற்று, ஊருக்கு வெளியே, மலை இடைவெளிகளில், உயரத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புனலில் ஊற்றியது போல நெருக்கியடித்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக வருகிறது. தலைமுறை தலைமுறையாக அதைப் புழுதிக்காற்று என்று திட்டிக்கொண்டிருந்தோம். இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றை நிறுவியவர்கள், இயக்குகிறவர்கள், நிலம் கொடுத்த விவசாயிகள் என்று பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. எங்கே நட்டால் சுற்றும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க எண்களைத் தேடிப் போனவர்களில் முன்னால் நடந்தவர் இவர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தன்னைப் பெண் விஞ்ஞானி என்று தனியே பிரித்துப் பாராட்டுவது அன்னா மாணிக்குப் பிடிக்கவில்லை. பெண்ணாக இருந்தது தன் வேலையைத் தீர்மானிக்கவில்லை, இதைப் போய் ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள் என்ற பொருளில்தான் பேட்டிகளில் பேசினார். டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டதைப் பற்றியும் கசப்பாகப் பேசியதில்லை, அது தன் வாழ்க்கையில் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை என்றே சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காட்டில் நடப்பதும் பறவைகள் பார்ப்பதும் பிடிக்கும்.

அவருடைய அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அதைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் நினைக்கிறேன். காயம் படவில்லை என்று சொல்வது அவருடைய உரிமை. நடந்ததைப் பதிவு செய்வது நம் கடமை. அவருக்குப் பின்னால் வந்த எத்தனை பெண்கள், இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரியாமலே, கருவிக் கூடத்தின் வாசலில் தயங்கி நின்றிருப்பார்கள்?

2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் 83 வயது முடிந்திருக்கும். 2022இல், 104ஆவது பிறந்தநாளன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. யார் இந்த அம்மா என்று இந்தியர்கள் பலர் தேடிப் படித்தது அன்றைக்குத்தான்.

பட்டம் மறுக்கப்பட்ட அந்த ஆய்வேடு பெங்களூரில், ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு அன்னா வருகைப் பேராசிரியராகப் போனதும் அதே நிறுவனத்துக்குத்தான். டாக்டர் பட்டம் வாங்கிய மற்றவர்களின் ஆய்வேடுகளைப் போலவே அதையும் பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். அலமாரியில் பார்த்தால் எது பட்டம் கிடைத்தது, எது கிடைக்காதது என்று யாருக்கும் தெரியாது.